வேடத் தலைக்கவசத்தினுள் ஒரு செவிக் கருவி

வேடம் புனைவதும், வேறொருவராய் நின்று ஆடுவதும் மனிதனின் மிகப் பழைய விருப்பங்களுள் ஒன்று. நம் நாட்டில் அதற்குக் குறைவே இல்லை. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நிகழும் பாகவத மேளாவில், பிரகலாத சரித்திரத்தின் இறுதியில் நரசிம்மர் முகமூடி தரித்து ஒருவர் தோன்றுகிறார். பழைய மைசூர்ப் பகுதியின் கிராமங்களில், அம்மன் கோயில்களை ஒட்டிப் பெரிய மரமுகங்களைத் தாங்கி ஆடும் ‘சோமன குணித’ என்னும் கூத்து உண்டு. மைசூர்த் தசரா ஊர்வலத்தில், மூங்கிலால் பின்னிய நெடிய பொம்மைகளுக்குள் நின்றுகொண்டு, தமட்டையின் தாளத்திற்கேற்ப அசைந்து வருகின்ற ‘காருடி கொம்பெ’ கலைஞர்களையும் பலர் கண்டிருப்பர்.

இப்பழங்கலைகளின் பக்கத்தில் இன்று புதிய வேடங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. 2011ஆம் ஆண்டு டெல்லியில் தொடங்கிய ‘காமிக் கான் இந்தியா’ என்னும் விழா, அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூருக்கும் வந்தது. ஒயிட்ஃபீல்டு பகுதியின் கண்காட்சிக் கூடத்தில் அவ்விழா கூடிய நாட்களில், கதைச் சித்திரங்களிலும் திரைப்படங்களிலும் வரும் வீரர்களைப் போல் தாமே கவசம் செய்து அணிந்த இளைஞர்கள் திரண்டனர். 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் வெண்கவசப் படைவீரர் வேடம் உலகெங்கும் பலரைக் கவர்ந்தது. அவ்வேடத்தை அணிவோர் 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். இவை ஒருபுறம் இருக்க, பெரிய கடைகளின் வாயிலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் கரடியாகவும் முயலாகவும் நின்று குழந்தைகளை மகிழ்விக்கும் தொழிலாளர்களும் நம் நகரங்களில் பலர்.

இவ்வேடங்களை அமைப்போர் கண்ணுக்குத் துளை விடுகிறார்கள். மூச்சுக்கு வழி செய்கிறார்கள். காதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். தலை முழுவதையும் மூடும் கவசத்தை அணிந்தவர் பாதி செவிடராகிவிடுகிறார். எதிரே நின்று பேசும் குழந்தையின் சொல் அவருக்கு விளங்குவதில்லை. பின்னால் வரும் வண்டியின் ஓசை எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரிவதில்லை. ‘படி இருக்கிறது, பார்த்து வா’ என்று துணைவர் கூவினாலும் ஏதோ முணுமுணுப்பாகவே கேட்கிறது. பார்வையும் குறைந்து, செவியும் குறைந்து, நெரிசலின் நடுவே நிற்பது ஆபத்தான நிலையன்றோ? இக்குறையைச் சில நூறு ரூபாய்ச் செலவில், வீட்டு மேஜையிலேயே செய்யக்கூடிய ஒரு சிறு மின்கருவியால் பெரும்பாலும் போக்கலாம். அதன் தத்துவத்தையும் அமைப்பையும் இங்கே விளக்க முயல்வோம்.

ஒலி எங்கே மறைகிறது?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வு கவசத்தின் சுவரில் மோதும்போது, சுவரை அசைத்தே உட்புகவேண்டும். சுவர் கனமாக இருந்தால் அசைவது குறைகிறது. அதிர்வு விரைவாக இருந்தாலும், சுவர் அதற்கு ஈடுகொடுத்து அசைய இயலாமல் நின்றுவிடுகிறது. ஒலி நூலார் இதனை ‘நிறை விதி’ என்பர். சுவரின் நிறை இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அதிர்வெண் இரட்டித்தாலும் 6 டெசிபல் குறையும்.

மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் கவசம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோகிராம். விதியின்படி கணக்கிட்டால், 250 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலி 12 டெசிபல் அளவும், 2000 ஹெர்ட்ஸ் ஒலி 30 டெசிபல் அளவும் குறையவேண்டும். கண் துளையாலும் கழுத்து வழியாலும் ஓரளவு ஒலி நுழைவதால், நடைமுறையில் இழப்பு இதனினும் குறைவே. எனினும், தாழ்ந்த ஒலி எளிதில் உட்புகுகிறது, உயர்ந்த ஒலி தடுக்கப்படுகிறது என்னும் உண்மை மாறுவதில்லை.

இதனால் விளையும் தீங்கைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே உணரலாம். நம் பேச்சில் உயிரெழுத்துகள் வலிமையைத் தருகின்றன. அவை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்தவை. மெய்யெழுத்துகளோ பொருளைத் தருகின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய ஓசைகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கும் 4000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் உள்ளன. படம், தடம், கடம், மடம், வடம் என்னும் ஐந்து சொற்களையும் கவசத்துக்கு வெளியே நின்று ஒருவர் சொன்னால், உள்ளே இருப்பவருக்கு ஐந்தும் ‘அடம்’ என்றே கேட்கக்கூடும். யாரோ பேசுகிறார் என்பது தெரியும்; என்ன பேசுகிறார் என்பது தெரியாது. ஆகவே வெறும் உரப்பு மட்டும் நமக்குத் தேவையன்று. இழந்த உயர் ஒலியை மீட்பதே தேவை.

இன்னுமோர் இழப்பு திசையறிவு. நம் இரு காதுகளும் ஏறக்குறைய பதினெட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. வலப்புறத்திலிருந்து வரும் ஓசை இடக்காதை அடைய ஒரு விநாடியில் பதினாயிரத்தில் ஆறு ஏழு பங்கு நேரம் தாமதிக்கிறது. தலையின் நிழலால் சற்று மெலிந்தும் விடுகிறது. இவ்விரு சிறு வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. கவசத்தினுள் ஒலி கண் துளை வழியாகவும் கழுத்து வழியாகவும் புகுந்து, சுவர்களில் எதிரொலித்துக் கலங்கிவிடுவதால், இக்கணிப்பு குலைகிறது. எனவே நம் கருவிக்கு ஒரு மைக்ரோபோன் போதாது. வலக்காதுக்கு ஒன்று, இடக்காதுக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

கடைக் கருவி போதாதா?

‘வெளியொலியைத் தாமே கேட்பிக்கும் காதுக்கருவிகள் கடையில் விற்கின்றனவே, அவற்றை அணிந்தால் ஆகாதா?’ என்று சிலர் வினவலாம். அக்கருவிகளின் மைக்ரோபோன் காதின் வாயிலில் உள்ளது; அதாவது கவசத்துக்கு உள்ளேயே இருக்கிறது. உள்ளே வந்து மழுங்கிய ஒலியைத்தான் அது பெருக்கிக் கொடுக்கும். கவசத்துக்கு வெளியே காது வைத்தால்தான் பயன் உண்டு.

மைக்ரோபோனை வெளியே வைத்து, கம்பியில்லாமல் புளூடூத் முறையில் காதுக்கு ஒலியை அனுப்பலாமே எனின், அங்கே வேறொரு தடை உண்டு. சாதாரணப் புளூடூத் இணைப்பில் ஒலி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதிக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்வது. ஆகவே ஐந்தில் ஒரு விநாடித் தாமதம் என்பது, அருகில் நிற்பவரின் குரல் எழுபது மீட்டர் தொலைவிலிருந்து வருவது போலாகும். உதடு ஒரு நேரமும் சொல் ஒரு நேரமுமாக வரும். தாளத்துக்கு ஆடும் கலைஞருக்கோ இது பெருங்கேடு. தமட்டை அடித்த பின்னர்தான் அடி அவர் காதில் விழும். கம்பி வழி செல்லும் மின்சாரத்தில் இத்தாமதம் இல்லை. எனவே பழைய கம்பி முறையே இங்குச் சிறந்தது.

கருவியின் முன்னோர்

நாம் செய்யவிருப்பது புதுமையான கண்டுபிடிப்பு அன்று. மைக்ரோபோன், பெருக்கி, காதுக்கருவி, பாட்டரி ஆகிய நான்கும் சேர்ந்த செவித்துணைக் கருவிகள் நெடுங்காலமாக உள்ளன. முற்காலத்தில் அவை வால்வுகளால் இயங்கின. அவற்றுக்குப் பெரிய பாட்டரிகள் தேவைப்பட்டன. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. பொதுமக்கள் வாங்கும் பொருள்களுள் அது முதன்முதலாகப் புகுந்தவற்றில் ஒன்று செவித்துணைக் கருவியே. 1952ஆம் ஆண்டின் முடிவிலேயே அத்தகைய கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி என்னும் அந்த அமைப்பே நம் கருவிக்கும் முன்மாதிரி.

பிறகு 1962ஆம் ஆண்டில் அதே பெல் கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர் ‘எலெக்ட்ரெட்’ மைக்ரோபோனை உருவாக்கினர். நிலையான மின்னேற்றம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் படலமே அதன் உயிர். மலிவும் சிறுமையும் உடையதாதலால் அது தொலைபேசி, டேப் ரிக்கார்டர் என எங்கும் பரவியது.

பெங்களூருக்கு இத்துறையில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1948ஆம் ஆண்டில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை இங்கே நிறுவப்பட்டது. 1954ஆம் ஆண்டில் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961ஆம் ஆண்டில் வானொலி வால்வுகளையும் 1962ஆம் ஆண்டில் ஜெர்மானியத்தாலான டிரான்ஸிஸ்டர் வகைப் பொருள்களையும் செய்யத் தொடங்கியது. தாமே கட்டி மகிழும் மரபும் இந்நிலத்துக்குப் புதிதன்று; 1935ஆம் ஆண்டில் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் ஒரு வானொலி நிலையத்தை நடத்தினார் அன்றோ? இன்றும் சிட்டி மார்க்கெட்டை அடுத்த எஸ்.பி. ரோட்டுக்குச் சென்றால், நமக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் சிறு கடைகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவும் அத்தகையதே.

வேண்டிய பொருள்கள்

ஒன்றரை விரற்கடைக்கு உட்பட்ட வட்டமான எலெக்ட்ரெட் மைக்ரோபோன் இரண்டு; டி.டி.ஏ. 2822 எம் என்னும் எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, இரட்டை வால்யூம் கண்ட்ரோல், 10 கிலோ ஓம் அளவில் ஒன்று, சில மின்தடைகள், கண்டென்ஸர்கள், கம்பியுள்ள சாதாரண 32 ஓம் காதுக்கருவி ஒரு ஜோடி, அதற்குரிய சாக்கெட், பென்டார்ச் செல் இரண்டு, அவற்றுக்கு ஒரு கூடு, ஒரு சுவிட்சு, துளையிட்ட பொதுப் பலகை, உறையிட்ட மெல்லிய மைக் வயர். இவ்வளவே. இந்த ஐ.சி.யை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒரே உறுப்பினுள் வலம் இடம் என இரண்டு பெருக்கிகள் அதில் அடங்கியுள்ளன. மேலும், இரண்டு செல்கள் தரும் 3 வோல்ட்டிலேயே அது செவ்வனே இயங்குகிறது.

இணைக்கும் முறை

எலெக்ட்ரெட் மைக்ரோபோனுக்கு வேலை செய்யச் சிறிது மின்சாரம் வேண்டும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து முதலில் 1 கிலோ ஓம் தடை ஒன்று வழியாக மின்சாரத்தைக் கொணர்ந்து, அவ்விடத்துக்கும் தரைமுனைக்கும் இடையே 100 மைக்ரோபாரட் கண்டென்ஸர் ஒன்றை வைக்கவேண்டும். இவ்வடிகட்டி இல்லாவிடின், பெருக்கியின் இழுப்பால் பாட்டரியில் உண்டாகும் சிறு ஏற்றத்தாழ்வு மைக்ரோபோனுக்குள் திரும்பிச் சென்று, தோணி மோட்டாரைப் போல் ‘டப் டப்’ என்னும் ஓசையை எழுப்பும். வடிகட்டிய மின்சாரத்தை 2.2 கிலோ ஓம் தடை ஒவ்வொன்றின் வழியாக இரு மைக்ரோபோன்களின் நேர்க்காலுக்கும் கொடுக்கவேண்டும். மைக்ரோபோனின் உலோகக் கூட்டோடு ஒட்டியுள்ள கால் தரைமுனை. இதனைத் திருப்பி இணைத்தால் ஒலி வாராது.

ஒவ்வொரு மைக்ரோபோனின் நேர்க்காலிலிருந்தும் 0.047 மைக்ரோபாரட் கண்டென்ஸர் வழியாக ஒலி மின்சாரம் வால்யூம் கண்ட்ரோலின் மேற்காலுக்குச் செல்கிறது. இச்சிறு கண்டென்ஸரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் கருவியின் தெளிவு இதில்தான் அமைந்துள்ளது. கண்டென்ஸரும் 10 கிலோ ஓம் கண்ட்ரோலும் 2.2 கிலோ ஓம் தடையும் சேர்ந்து, ஏறக்குறைய 280 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை மெலியச் செய்கின்றன. காற்றின் இரைச்சல், காலடியின் அதிர்வு, கூட்டத்தின் முழக்கம் ஆகியவை பெரும்பாலும் அப்பகுதியில்தான் உள்ளன. பேச்சின் தெளிவுக்கு அப்பகுதி இன்றியமையாததன்று. தொலைபேசியில் நாம் கேட்பது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். அதைக்கொண்டே உலகம் பேசிவந்தது அன்றோ?

கண்ட்ரோலின் நடுக்கால்கள் இரண்டும் ஐ.சி.யின் 7, 6 ஆகிய கால்களுக்குச் செல்லவேண்டும். 8, 5 ஆகிய கால்கள் ஒவ்வொன்றும் 100 மைக்ரோபாரட் கண்டென்ஸர் வழியாகத் தரைமுனையை அடையவேண்டும். இரண்டாம் கால் பாட்டரியின் நேர்முனைக்கு. நான்காம் கால் தரைக்கு. 1, 3 ஆகிய கால்களிலிருந்து பெருகிய ஒலி வெளிவருகிறது. அவை ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு, 4.7 ஓம் தடையும் 0.1 மைக்ரோபாரட் கண்டென்ஸரும் தொடராக வைத்தால், பெருக்கி தானே அலைந்து கத்தாமல் அடங்கியிருக்கும். பின்பு 220 மைக்ரோபாரட் கண்டென்ஸரும், அதனையடுத்து 100 ஓம் தடையும் தாண்டி ஒலி காதுக்கருவிக்குச் செல்லவேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்த 100 ஓம் தடை காதின் காவலாளி. அதனை ‘வீண்’ என்று நீக்கிவிடுவோர் பலர், நீக்கலாகாது. ஏன் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் தொலைவில் ஒருவர் இயல்பாகப் பேசும் ஒலி 60 டெசிபல் அளவுடையது. சாதாரண எலெக்ட்ரெட் மைக்ரோபோன் அதற்கு ஒரு மில்லிவோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு மின்சாரத்தைத் தருகிறது. ஐ.சி. அதனை ஏறக்குறைய 90 மடங்கு பெருக்குகிறது. 100 ஓம் தடை அதில் நான்கில் ஒரு பங்கை மட்டும் காதுக்கருவிக்கு விடுகிறது. பொதுவான காதுக்கருவியில் இது மீண்டும் 60 டெசிபல் அளவுள்ள ஒலியாகவே வெளிப்படும். அதாவது, கவசம் இல்லாதிருந்தால் எவ்வளவு கேட்குமோ, கண்ட்ரோலை முழுதும் திருப்பியபோது அவ்வளவே கேட்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே? பக்கத்தில் வெடி வெடித்தாலும், பெருக்கியால் காதுக்கு ஏறக்குறைய 100 டெசிபலுக்கு மேல் தர இயலாது. தடையை நீக்கினாலோ, அவ்வெல்லை 110 டெசிபலையும் தாண்டிவிடும். காதுக்கருவி மிகுந்த கூர்மை உடையதாயின், தடையை 220 ஓமாக உயர்த்துவது நலம்.

கவசத்தில் பொருத்தும் முறை

மைக்ரோபோன் இருக்கவேண்டிய இடம் கவசத்தின் வெளிப்பக்கம், அணிபவரின் காதுக்கு நேரே. அங்கே துளையிட்டு, ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தி, அதனுள் மைக்ரோபோனை வைக்கவேண்டும். ரப்பரின்றிக் கவசத்தோடு நேராக ஒட்டினால், கவசத்தில் விரல் பட்டாலும் உடை உரசினாலும் இடியோசை போல் கேட்கும். வெளிமுகத்தில் மெல்லிய ஸ்பஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டினால் காற்றின் இரைச்சல் தணியும். கவசத்தின் நிறத்தையே அதற்கும் கொடுத்துவிட்டால் வேடத்தின் அழகும் கெடாது. ஆனால் ஸ்பஞ்சின் மேல் கெட்டியாக வண்ணம் பூசினால் துளைகள் அடைபட்டு, உயர் ஒலி மீண்டும் இழக்கப்படும்.

மைக்ரோபோனையும் ஒலிபெருக்கியையும் அருகருகே வைத்தால் ஊளையிடுமே என்ற ஐயம் எழலாம். காதுக்கருவியிலிருந்து கசியும் ஒலி மைக்ரோபோனை அடைந்து, மீண்டும் பெருகி, மீண்டும் கசிந்து, ஒவ்வொரு சுற்றிலும் வளருமாயின் ஊளை பிறக்கும். இங்கே இரண்டு காரணங்களால் அது வளருவதில்லை. நாம் ஒலியை இயல்புக்கு மேல் பெருக்கவில்லை. மேலும், வெளியொலியை உள்ளே விடாத அதே சுவர் உள்ளொலியையும் வெளியே விடுவதில்லை. எந்தச் சுவரால் இடர் வந்ததோ, அதே சுவர் இங்கே துணையாகிறது. அப்படியும் ஊளையிட்டால், மைக்ரோபோனைச் சுற்றி எங்கோ இடைவெளி உள்ளது என்பது பொருள்.

வேடமணிவோர் பலர் வெப்பம் தணியக் கவசத்தினுள் சிறு மின்விசிறி வைக்கின்றனர். அது நன்றே. ஆனால் விசிறிக்கும் நம் கருவிக்கும் ஒரே பாட்டரியைக் கொடுத்தால், மோட்டாரின் தீப்பொறிகளால் எழும் கரகரப்பு காதில் ஓயாது கேட்கும். விசிறிக்குத் தனிப் பாட்டரி வேண்டும். அதன் காற்று மைக்ரோபோனின் மேல் படாதவாறு திருப்பவும் வேண்டும்.

பலகையையும் செல்களையும் கவசத்தினுள் வைப்பதைவிட, இடுப்பு வாரில் ஒரு சிறு பெட்டியில் வைப்பதே மேல். தலையில் பாரம் குறையும், வியர்வை படாது, கவசத்தைக் கழற்றாமலே சுவிட்சை எட்டலாம். இடையில் எளிதில் கழலும் பிளக்கு ஒன்றை வைத்தால், அவசரத்தில் கவசத்தைக் கழற்றும்போது கம்பி கழுத்தைச் சுற்றி இழுக்காது. அலைபேசிகளில் உள்ளது போன்ற லித்தியம் செல்லை உறையின்றித் தலைக்குள் வைப்பது ஒருபோதும் தகாது. அது நசுங்கினால் தீப்பற்றக்கூடும்.

வலமும் இடமும் மாறாமல் இணைத்தலில் மிகுந்த கவனம் வேண்டும். மாறிவிட்டால், இடப்புறம் வரும் வண்டி வலப்புறம் வருவதாகத் தோன்றி, அணிந்தவர் அதன் முன்னேயே விலகிச் செல்வார். கருவி இல்லாதிருப்பதைவிட அது கொடியது. சிவப்புக் கம்பி வலத்துக்கு, கறுப்புக் கம்பி இடத்துக்கு என்று தொடக்கத்திலேயே அடையாளமிட்டுக் கொள்வது நல்லது.

சோதித்தல்

கருவி முடிந்ததும், பெரிய ஓசை கேட்கிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது. அமைதியான அறையில் மூன்று மீட்டர் தொலைவில் ஒரு நண்பரை நிற்கச் செய்து, முதலெழுத்து மட்டும் மாறும் சொற்களை ஒழுங்கின்றிச் சொல்லச் சொல்லவேண்டும். கட்டு, தட்டு, பட்டு, மட்டு, வட்டு. கல், பல், நெல், சொல், வில். இவை போல இருபது சொற்கள் போதும். அணிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, தமக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். முதலில் கவசமின்றி, பிறகு கவசத்தோடு கருவியின்றி, பிறகு கருவியோடு என மும்முறை செய்து, சரியானவற்றை எண்ணிப் பார்த்தால் கருவியின் பயன் எண்ணிக்கையிலேயே விளங்கிவிடும். அடுத்து, நண்பர் ஓசையின்றி அறையைச் சுற்றி நகர்ந்து கைதட்ட, அணிந்தவர் அத்திசையைச் சுட்டிக் காட்டவேண்டும். இவ்விரண்டிலும் தேறிய பிறகே கூட்டத்துள் செல்லலாம்.

சில எச்சரிக்கைகள்

செவி ஒருமுறை கெட்டால் மீள்வது அரிது. ஒருவர் நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கத்தக்க ஒலி 85 டெசிபல் என்பது தொழில் நலத்துறையில் வழங்கும் ஓர் அளவு. ஒலி 3 டெசிபல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். அக்கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமும், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமுமே உண்டு. ஆகவே தமட்டையும் பறையும் முழங்கும் ஊர்வலத்திலும், பெரிய ஒலிபெருக்கிகளின் அருகிலும் கருவியை நிறுத்திவிடவேண்டும். அப்போது கவசமே காதுக்குக் காப்பாக நிற்கும். தாளமோ தாழ்ந்த ஒலியாதலால் சுவரைக் கடந்தும் கேட்கும்.

இக்கருவியைச் செவிப்புலன் குறைந்தோருக்குரிய மருத்துவக் கருவியாகக் கொள்ளுதல் கூடாது. அவரவர் காதில் எந்த அதிர்வெண் எவ்வளவு குறைந்துள்ளது என்று அளந்து, அதற்கேற்ப அமைக்கப்படுவதே செவித்துணைக் கருவி. கவசமில்லாத போதும் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்று உணர்வோர் காது மருத்துவரிடமும் செவிப்புலன் நிபுணரிடமும் காட்டிக்கொள்ள வேண்டும். இத்துறைக்கென்றே 1965ஆம் ஆண்டில் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிலையம் நமக்கு அண்மையிலேயே உள்ளது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசத்தில் இதனைப் பொருத்தலாகாது என்பதையும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின்படி சோதித்த அக்கவசம், விபத்தில் மண்டையைக் காக்கவே உள்ளது. அதில் துளையிட்டால் அதன் வலிமை குன்றும். நாம் கூறியது வேடத்துக்கு அணியும் கவசம் ஒன்றுக்கே பொருந்தும்.

இறுதியாக ஒரு செய்தி. இக்கருவி வெளியோசையை உள்ளே கொணரும். உள்ளிருப்பவரின் குரலை வெளியே கொண்டுசெல்லாது. வெப்பத்தால் தலைசுற்றி, ‘கழற்றுங்கள்’ என்று அவர் கூவினாலும், அக்குரலின் மெய்யெழுத்துகளையும் அதே சுவர் விழுங்கிவிடும். ஆகவே கருவி இருப்பினும், துணைக்கு ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். ‘உடனே கழற்று’ என்பதற்கு இருவரும் முன்கூட்டியே ஒரு கைச்சைகை வைத்துக்கொள்ள வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை கவசத்தைக் கழற்றி, நீர் பருகி, இளைப்பாறவும் வேண்டும். கிழக்கிந்தியாவின் சராய்கேலா சௌ ஆட்டத்தில், முகமூடிக்குள் மூச்சு முட்டுவதை அறிந்தே ஒவ்வோர் ஆட்டத்தையும் சில நிமிடங்களில் முடியுமாறு முன்னோர் அமைத்திருக்கின்றனர். வேடம் அணிவோரின் உடலை எண்ணிச் செய்த ஏற்பாடு அது.

வேடத்தைக் காண்பவர்கள் உள்ளே ஒரு மனிதர் இருப்பதை மறந்து மகிழ்வார்கள். அது கலையின் வெற்றி. வேடத்தை அமைப்பவர் மட்டும் அதனை மறக்கலாகாது. கடைவாயிலில் கரடி வேடத்தில் நிற்பவரை நோக்கி ஒரு குழந்தை ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்கும்போது, அக்கேள்வி அவர் செவியில் தெளிவாக விழுமாயின், அவர் தலையாட்டியாவது விடை சொல்வார். அவரை நோக்கி ஒரு வண்டி வந்தால் விலகியும் நிற்பார். இரண்டு மைக்ரோபோன்களும் ஓர் ஐ.சி.யும் செய்யக்கூடிய இவ்வுதவியை, வேடம் புனைவோரும் அவரை வேலைக்கு அமர்த்துவோரும் சிந்தித்துப் பார்ப்பார்களாக.